திரும்பி வரும் பாதியைப் படியுங்கள்: ரப்பர்-பிளாஸ்டிக் வேலைக்கு ஒரு வழிகாட்டி

"யூடிஎம் மெஷினில் டென்சைல் டெஸ்ட் செய்யத் தெரியும்." பாலிமர் படித்தவர்களின் ரெஸ்யூமேயில் தவறாமல் இருக்கும் வரி இது. ஓரகடத்தில் விண்ணப்பிப்பவரும் எழுதுகிறார், ஓசூரில் விண்ணப்பிப்பவரும் எழுதுகிறார். எல்லோரிடமும் இருக்கும் திறமைக்கு யாரும் கூடுதல் சம்பளம் தருவதில்லை. சாம்பிள் எவ்வளவு நீண்டது, எந்த லோடில் அறுந்தது என்பதை மெஷினே பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடும். பட்டனை அழுத்துவதற்கு உங்கள் டிகிரி தேவையில்லை.

இழுத்ததை விட்ட பிறகு சாம்பிள் எவ்வளவு திரும்பியது? முழுதாகத் திரும்பவில்லை என்றால் ஏன்? மீதி எங்கே மாட்டிக்கொண்டது? இதைச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் தொழிற்சாலைக்கு வரும் கம்ப்ளெயின்ட்டுகளைப் பாருங்கள். மழையில் கார் கதவு ஓரம் தண்ணீர் கசிகிறது. நெடுஞ்சாலையில் காற்று இரைகிறது. ஜன்னல் கண்ணாடி அதன் சேனலில் ஆடுகிறது. இவற்றில் எந்த பார்ட்டும் அறுந்துபோகவில்லை. அழுந்தியது அழுந்தியபடியே நின்றுவிட்டது, அவ்வளவுதான். டென்சைல் ரிப்போர்ட்டில் அந்த பார்ட் ஜம்மென்று பாஸாகியிருக்கும்.

ஆகவே என் யோசனை எளிது. போட்டியாளர்கள் எல்லாரும் இழுக்கும் பாதியைப் படிக்கட்டும். நீங்கள் திரும்பும் பாதியைப் படியுங்கள். சிபெட்டிலோ குரோம்பேட்டை எம்ஐடியிலோ பாலிமர் படித்தவராக இருக்கலாம், டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து க்வாலிட்டியில் இருப்பவராக இருக்கலாம், பி.எஸ்சி. வேதியியலோடு லேபில் நுழைந்தவராகவும் இருக்கலாம். இதற்கு மூவருக்கும் ஒரே பாடம்தான்.

1. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்லப் பழகுங்கள்

அந்தக் கேள்வி: "டிபிவியில் தொடர்ச்சியாக இருப்பது பிளாஸ்டிக். அப்புறம் எப்படி அது ரப்பர் மாதிரி திரும்புகிறது?"

விவரம் தெரிந்த எந்த ஆர் அண்ட் டி மேனேஜரும் இதைக் கேட்க வாய்ப்புண்டு. பலர் இங்கே "சார், அதில் ரப்பர் இருக்கிறது, அதனால்..." என்று இழுத்து நின்றுவிடுவார்கள். நீங்கள் நிற்காதீர்கள். பொருளை அடியிலிருந்து பார்ப்போம்.

டிபிவி என்றால் தெர்மோபிளாஸ்டிக் வல்கனிசேட். சந்தையில் பெரும்பாலும் இபிடிஎம் ரப்பரும் பாலிபுரொப்பிலீனும் கலந்த கலவை. வெறுமனே கலந்தால் போதாது. ட்வின் ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடரில் கலந்துகொண்டிருக்கும்போதே ரப்பரை க்யூர் செய்கிறார்கள். இதற்குப் பெயர் டைனமிக் வல்கனைசேஷன். க்யூர் ஆகிக்கொண்டே அரைபடுவதால் ரப்பர் மிகச் சிறிய துகள்களாக உடைந்து சிதறுகிறது. அளவு ஒன்றிரண்டு மைக்ரான். ரப்பரை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெயோடு சேர்த்துப் பார்த்தால் ரப்பர்தான் அதிகம், பிளாஸ்டிக் குறைவு. ஆனாலும் குறைவாக இருக்கும் பிளாஸ்டிக்தான் துகள்களைச் சுற்றி விட்டுப்போகாமல் ஓடுகிறது. அதனால்தான் இதை உருக்கி மோல்டில் ஊற்ற முடிகிறது, ஸ்க்ராப்பைத் திரும்ப உருக்கவும் முடிகிறது.

மாதுளம்பழத்தைப் பிளந்து பாருங்கள். முத்துகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும், நடுவே மெல்லிய தோல், ஆங்காங்கே கொஞ்சம் தடித்த தோல். முத்துகள் ரப்பர், தோல் பாலிபுரொப்பிலீன். படம் மனதில் நின்றுவிட்டதா? இனி இழுப்போம்.

தனியாக இழுத்தால் பாலிபுரொப்பிலீன் சுமார் 10 சதவீத நீட்சியிலேயே யீல்ட் ஆகிவிடும். அதன் படிகப் பகுதிகள் வழுக்கி நகர்ந்துவிடும். விட்டாலும் பழைய இடத்துக்கு வராது. ஆனால் டிபிவியை 100 சதவீதம் இழுத்து விட்டால், மென்மையான கிரேடுகளில் நிரந்தரமாகத் தங்குவது 10 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். காரணம், இழுப்பின் பெரும்பகுதியை ரப்பர் துகள்கள் வாங்கிக்கொள்கின்றன. பிளாஸ்டிக் எல்லா இடத்திலும் யீல்ட் ஆவதில்லை. இரண்டு துகள்களுக்கு இடையே தோல் மிக மெலிந்திருக்கும் இடங்களில் மட்டும் ஆகிறது. தடித்த இடங்கள் அநேகமாக அப்படியே இருக்கின்றன. கையை எடுத்தவுடன், நீண்டுபோன ரப்பர் துகள்கள் சுருங்கிப் பழைய வடிவத்துக்கு வரப் பார்க்கின்றன. சுற்றியுள்ள பிளாஸ்டிக்கையும் சேர்த்து இழுக்கின்றன. யீல்ட் ஆன மெல்லிய பகுதிகள் மடங்கிக் கோணிக்கொண்டு பின்னே வருகின்றன. அவை முழுதும் வராத அளவுதான் உங்கள் 'செட்'.

கம்ப்யூட்டர் மாடல்களும் இதையே காட்டின. அமெரிக்காவின் எம்ஐடியில் மேரி பாய்ஸின் குழு 2001-ஐ ஒட்டி வெளியிட்ட கட்டுரைகள் இந்தத் துறையில் இன்றும் எடுத்தாளப்படுகின்றன. பெயரைச் சொன்னால் இன்டர்வியூ எடுப்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஆனால் படித்த பிறகு சொல்லுங்கள். அடுத்த கேள்வி அங்கிருந்துதான் வரும்.

ரப்பர் ஏன் சுருங்கப் பார்க்கிறது என்று இன்னொரு படி கீழே போனால்: ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் சுருண்டு கிடப்பதற்கு ஆயிரம் வழிகள் உண்டு, நேராக நிற்பதற்குச் சில வழிகளே உண்டு. இழுத்தால் அவை ஒழுங்காகின்றன. விட்டால் கலைந்த நிலைக்கு ஓடுகின்றன. க்யூர் செய்யும்போது சங்கிலிகளுக்கு இடையே விழுந்த முடிச்சுகள், அதாவது க்ராஸ்லிங்க், இருப்பதால் ஒன்றையொன்று தாண்டி வழுக்கிப் போக முடியாது, ஆகவே பழைய வடிவத்துக்கே வருகின்றன. இங்கிலாந்தின் ஜான் காஃப், கண் பார்வை இல்லாதவர், ரப்பரை உதட்டில் வைத்து இழுத்தால் சூடாவதை 1805-இல் பதிவு செய்தார். 1859-இல் ஜூல் அதை அளந்து உறுதிப்படுத்தினார். ஒரு ரப்பர் பேண்டை உதட்டில் வைத்துச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது இளஞ்சூடு, விடும்போது குளிர்ச்சி. இன்டர்வியூ அறையில் செய்து காட்ட வேண்டாம், சொன்னால் போதும்.

2. 'செட்' கணக்கில் தடுக்கி விழாதீர்கள்

டிகிரியில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களும் கவிழும் இடம் இது. இரண்டு செட் இருக்கின்றன. இரண்டுக்கும் வகுக்கும் எண் வேறு.

டென்ஷன் செட்டை அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் டி412 சொல்கிறது. டம்பெல்லில் 25 மி.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போடுகிறீர்கள். 100 சதவீதம் இழுத்தால் 50 மி.மீ. அங்கேயே 10 நிமிடம் பிடித்து வைக்கிறீர்கள். பிறகு விட்டு, இன்னும் 10 நிமிடம் ஓய்வு கொடுத்து அளக்கிறீர்கள். 28 மி.மீ. வந்தால் 3 மி.மீ. திரும்பவில்லை. இதை முதல் நீளமான 25-ஆல் வகுக்க வேண்டும்: 12 சதவீதம்.

கம்ப்ரஷன் செட் ஏஎஸ்டிஎம் டி395-இல் இருக்கிறது. பி முறையில் 12.5 மி.மீ. தடிமனுள்ள பட்டனை 9.5 மி.மீ. ஸ்பேசர் வைத்து அழுத்தி, 70 டிகிரியில் 22 மணி நேரம் ஓவனில் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எடுத்து அரை மணி நேரம் கழித்து அளந்தால் 11.3 மி.மீ. இருக்கிறது. செட் எவ்வளவு?

1.2-ஐ 12.5-ஆல் வகுத்து "9.6 சதவீதம் சார், சூப்பர் மெட்டீரியல்" என்று சொன்னால் இன்டர்வியூ அங்கேயே முடிந்தது. இங்கே முதல் தடிமனால் வகுக்கக் கூடாது; எவ்வளவு அழுத்தினோமோ அதால் வகுக்க வேண்டும். 12.5-லிருந்து 9.5 போனால் 3. ஆகவே 1.2-ஐ 3-ஆல் வகுத்தால் 40 சதவீதம். சுமாரான மெட்டீரியல். ஒரே பட்டன், ஒரே அளவு. வகுக்கும் எண்ணில் தவறினால் ஒரு பேட்ச் முழுக்கத் தப்பாக டிஸ்பேட்ச் ஆகும்.

இதோடு ஒட்டி ஒரு தந்திரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓவனிலிருந்து எடுத்தவுடன் கிளாம்பைக் கழற்றி, பட்டனை மரப்பலகையில் வைத்து ஆறவிட்டால் ஒரு எண் வரும். அழுத்தத்திலேயே ஆறவிட்டு, பிறகு கழற்றினால் வேறு எண் வரும், மிக மோசமாக. குளிரும்போது பிளாஸ்டிக் பகுதி அழுந்திய வடிவத்திலேயே உறைந்துவிடுவதுதான் காரணம். டி395-இன் பி முறை உடனே கழற்றச் சொல்கிறது. ஐஎஸ்ஓ 815 இரண்டு வகைக்கும் இடம் கொடுக்கிறது. போட்டிக் கம்பெனியின் டேட்டா ஷீட்டை உங்கள் மேனேஜர் மேசையில் போட்டு "அவங்க மெட்டீரியல் நம்மைவிட நல்லா இருக்கே" என்று சொல்லும்போது, நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "சார், எந்த முறை, எத்தனை மணி நேரம், எந்த டெம்பரேச்சர், எப்போது கழற்றினார்கள்?" மீட்டிங்கில் இந்த ஒரு கேள்வி கேட்டால் போதும், அடுத்த மீட்டிங்குக்கும் கூப்பிடுவார்கள்.

3. ஷோர் ஏ எண்ணை நம்பி ஏமாறாதீர்கள்

பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்டுக்குத் தெரிந்த ஒரே எண் ஹார்ட்னஸ். "70 ஷோர் ஏ வேண்டும்" என்பார்கள். 70 ஷோர் ஏ-வில் க்யூர் ஆகாத ரப்பர்-பிளாஸ்டிக் கலவையும் கிடைக்கும், முழுதும் க்யூர் ஆன டிபிவியும் கிடைக்கும். விரலால் அழுத்தினால் வித்தியாசம் தெரியாது. 70 டிகிரியில் ஒரு நாள் அழுத்தி வைத்தால் தெரியும். முதல் வகையில் ரப்பர் துகள்களுக்கு நினைவு கிடையாது, வழிந்துவிடும். விலை குறைவாகக் கொட்டேஷன் கொடுத்த சப்ளையர் எதைக் கொடுக்கிறார் என்று கண்டுபிடிக்கும் வேலை உங்களுடையது.

ஹார்ட்னஸ் எடுக்கும்போதும் ஒரு நுணுக்கம் உண்டு. வல்கனைஸ் செய்த சாதாரண ரப்பருக்கு ஊசியை வைத்து 3 விநாடியில் படிப்பார்கள். தெர்மோபிளாஸ்டிக் ரப்பருக்கு 15 விநாடி. பிளாஸ்டிக் மெல்ல மெல்ல வழிவிடும், அதனால் எண் இறங்கிக்கொண்டே வரும். எத்தனை விநாடி என்று எழுதாத ஹார்ட்னஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

4. முதல் இழுப்பை மட்டும் வைத்துப் பேசாதீர்கள்

எந்தக் கலவையையும் முதல் முறை இழுக்கும்போது விறைப்பாக இருக்கும். விட்டு, அதே அளவுக்கு இரண்டாவது முறை இழுத்தால் குறைந்த விசையிலேயே வந்துவிடும். மூன்றாவது முறைக்கும் நான்காவது முறைக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். கார்பன் பிளாக் போட்ட ரப்பரில் இதை லெனர்ட் முல்லின்ஸ் 1940-களில் விரிவாக ஆராய்ந்ததால் முல்லின்ஸ் விளைவு என்கிறோம். டிபிவியிலும் இதே போக்கு உண்டு. அங்கே முதல் இழுப்பில் மெல்லிய பிளாஸ்டிக் இழைகள் யீல்ட் ஆகிவிடுவது முக்கியக் காரணம். இழுக்கும் கோடும் திரும்பும் கோடும் ஒன்றாக வராது. நடுவே விழும் இடைவெளிதான் வெப்பமாக வீணாகும் ஆற்றல், ஹிஸ்டெரிசிஸ்.

இது வெறும் தியரி இல்லை. ஒரு பெல்லோஸ் நாள் முழுக்க நீண்டு சுருங்கப் போகிறது என்றால், அதன் வாழ்க்கையைத் தீர்மானிப்பது முதல் கோடு இல்லை. டிசைன் டீம் முதல் கோட்டை சிமுலேஷனில் போட்டுவிட்டு "டெஸ்ட்டில் ஏன் மேட்ச் ஆகவில்லை" என்று தலையைச் சொறியும். அப்போது சைக்ளிக் டேட்டா கையில் வைத்திருப்பவர் அந்த அறையில் முக்கியமானவர் ஆகிவிடுவார்.

லேபில் பல மெஷின்களின் டெஸ்ட் மெத்தட் சாம்பிள் அறுந்ததோடு நின்றுவிடும். திரும்பும் கோட்டை யாரும் பதிவே செய்வதில்லை. மெஷின் சாஃப்ட்வேரில் சைக்ளிக் மெத்தட் எழுத ஒரு மதியம் போதும். 100 சதவீதம் வரை ஏற்று, பூஜ்ய லோடுக்கு இறக்கு, மூன்று முறை. கோடுகளை ஒரே கிராஃபில் போடு. யாரும் கேட்கவில்லை என்றாலும் செய்து வையுங்கள். பிரமோஷன் பேச்சு வரும்போது "நான் கொண்டுவந்த டெஸ்ட்" என்று சொல்லிக்கொள்ள ஒன்று வேண்டும்.

5. லேப் இல்லாவிட்டாலும் போர்ட்ஃபோலியோ தயார் செய்யுங்கள்

வேலை தேடிக்கொண்டிருப்பவருக்கு யூடிஎம் எங்கே கிடைக்கும் என்று கேட்காதீர்கள். ஸ்கேலும் மார்க்கர் பேனாவும் போதும். ஆவின் பால் கவரிலிருந்து ஒரு பட்டை வெட்டுங்கள், அது பாலிஎத்திலீன். பழைய சைக்கிள் ட்யூபிலிருந்து ஒரு பட்டை. அது க்யூர் ஆன ரப்பர். தேய்ந்துபோன டூத் பிரஷ்ஷின் மென்மையான கைப்பிடிப் பகுதியை உரித்தெடுத்தால் ஒரு தெர்மோபிளாஸ்டிக் எலாஸ்டோமர் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் கோடு போட்டு, ஒரே சதவீதம் இழுத்து, 10 நிமிடம் பிடித்து, 10 நிமிடம் விட்டு அளங்கள். டூத் பிரஷ் துண்டு சின்னதாக இருந்தால் கோடுகளின் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள், சதவீதம்தான் முக்கியம்.

பால் கவர் நீண்ட இடத்திலேயே நின்றுவிடும். ட்யூப் ஏறத்தாழ முழுதும் திரும்பும். மூன்றாவது நடுவில் எங்கோ நிற்கும். பிறகு மூன்றையும் வெந்நீரில் போட்டு எடுத்து மீண்டும் அளங்கள். திரும்பாமல் நின்றதில் இன்னும் கொஞ்சம் திரும்புவதைப் பார்ப்பீர்கள். ஆக 'நிரந்தரம்' என்று நாம் எழுதுவது நேரத்தையும் வெப்பத்தையும் பொறுத்தது. இந்த ஒரு பக்க அட்டவணையையும் போட்டோவையும் லிங்க்ட்இன்னில் போடுங்கள். பெரிய ஆராய்ச்சி இல்லைதான். ஆனால் "ஆர்வமுள்ளவன், கடின உழைப்பாளி" என்று எழுதியிருக்கும் ஆயிரம் ப்ரொஃபைல்களுக்கு நடுவே ஒரு அளவு எடுத்தவர் தனியாகத் தெரிவார்.

ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் பழைய கம்பெனியின் ஃபார்முலாவையோ கஸ்டமர் டிராயிங்கையோ இன்டர்வியூவில் காட்டாதீர்கள். எதிரே இருப்பவர் ஆசையாகப் பார்ப்பார், குறிப்பும் எடுத்துக்கொள்வார். ஆனால் "நாளைக்கு நம்ம ஃபார்முலாவும் இப்படித்தான் போகும்" என்று மனதில் எழுதிக்கொண்டு உங்களைக் கழற்றிவிடுவார்.

6. ஷாப் ஃப்ளோரில் நாலு விஷயம்

முதலாவது, ட்ரையிங். ஃபீனாலிக் ரெசினால் க்யூர் செய்த டிபிவி ஈரம் இழுக்கும். 80 டிகிரியில் 3 மணி நேரம் காயவைப்பது வழக்கம். மழைக்காலச் சென்னையில் இதைத் தவிர்த்தால் பார்ட்டுக்குள் நுண்துளைகள் விழும். டென்சைலும் குறையும், செட்டும் கெடும், பழி மெட்டீரியல் சப்ளையர் மேல் விழும்.

இரண்டாவது, திசை. இன்ஜெக்‌ஷன் மோல்டிங் தகட்டில் உருகிய பொருள் ஓடிய திசைக்கு நெடுக்காக டம்பெல் வெட்டினால் ஆரம்பத்தில் விறைப்பு அதிகம், எலாங்கேஷன் குறைவு. குறுக்காக வெட்டினால் மென்மையாகத் தொடங்கி நிறைய நீளும். சப்ளையர் டேட்டா ஷீட்டில் குறுக்குத் திசை எண்ணைப் போட்டிருப்பார்; உங்கள் ஆபரேட்டர் நெடுக்கில் வெட்டியிருப்பார். இரண்டு டிபார்ட்மென்ட் ஒரு வாரம் மெயிலில் சண்டை போடும். நீங்கள் போய் தகட்டில் கேட் எந்தப் பக்கம் என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தீரும்.

மூன்றாவது, வேகம். டி412 ரப்பருக்கு நிமிடத்துக்கு 500 மி.மீ. பிளாஸ்டிக்குக்கான டி638-இல் வேகம் பெரும்பாலும் இதைவிட மிகக் குறைவு. கலவையில் பிளாஸ்டிக் இருப்பதால் வேகம் மாறினால் எண்ணும் மாறும்.

நான்காவது, மீடியன். டி412 மூன்று சாம்பிளின் நடு எண்ணைக் கேட்கிறது, சராசரியை இல்லை. ஆடிட்டர் இதைக் கேட்பார்.

7. எங்கே தோற்கும் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள்

டிபிவியைக் கண்மூடித்தனமாகப் புகழும் இளைஞர்களை அனுபவசாலிகள் நம்புவதில்லை. வெப்பம் ஏற ஏற பாலிபுரொப்பிலீன் படிகங்கள் தளர்கின்றன; சுமார் 165 டிகிரியில் உருகியேவிடும். ஆகவே இன்ஜின் அருகே நீண்ட நாள் சூட்டில் அழுந்தியிருக்க வேண்டிய சீலுக்கு, பெராக்சைடில் க்யூர் செய்த வழக்கமான இபிடிஎம்தான் செட்டில் ஜெயிக்கும். ஸ்டைரீன் வகை கலவைகள் இன்னும் சீக்கிரம் கையை விரிக்கும். அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் பாலிஸ்டைரீன் முடிச்சுகள் 100 டிகிரியை நெருங்கும்போது இளகிவிடும். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ தொழிற்சாலைகளில் 'டிபிஆர் சோல்' என்று சொல்வது அந்த வகை. காலணிக்கு அது சரி. ரேடியேட்டர் பக்கத்தில் அதற்கு வேலையில்லை.

கிலோ விலையில் டிபிவி அதிகம் என்று பர்ச்சேஸ் சொல்லும்போது பார்ட் விலையைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அடர்த்தி 1-க்குக் கீழே. ஃபில்லர் நிறைந்த இபிடிஎம் காம்பவுண்ட் அதற்கு மேலே. ஒரே அளவு பார்ட்டுக்கு எடை குறைகிறது. க்யூர் ஆகும்வரை மோல்டில் காத்திருக்க வேண்டாம், குளிர்ந்தால் போதும். ஸ்ப்ரூ, ரன்னர் ஸ்க்ராப்பை அரைத்துத் திரும்பப் போடலாம். இந்த மூன்றையும் ஒரு எக்செல் ஷீட்டில் போட்டுக் காட்டும் இன்ஜினியர் லேபோடு நிற்க மாட்டார். காஸ்டிங் பேசத் தெரிந்தவர்களை மேனேஜ்மென்ட் சீக்கிரம் மேலே இழுத்துக்கொள்ளும்.

8. காம்பவுண்டிங் பக்கம் போக ஆசைப்படுபவர்களுக்கு

வரலாற்றில் நாலு பெயர் தெரிந்திருக்கட்டும். கலக்கும்போதே க்யூர் செய்யும் யோசனைக்கு 1962-இல் கெஸ்லர் பேட்டன்ட் வாங்கினார். யூனிராயல் கம்பெனியின் ஃபிஷர் 1970-களின் தொடக்கத்தில் இபிடிஎம்மை அரைகுறையாக க்யூர் செய்த கலவையைக் கொண்டுவந்தார். முழுதாக க்யூர் செய்தால் செட் தடாலடியாகக் குறையும் என்று மான்சான்டோவில் கோரானும் பட்டேலும் காட்டினார்கள். அதிலிருந்துதான் 1981-இல் சாண்டோப்ரீன் சந்தைக்கு வந்தது. இன்று அந்த பிராண்ட் செலனீஸ் கம்பெனியிடம் இருக்கிறது.

இந்த வரிசையில் உங்களுக்குப் பயன்படுவது ஒன்று: க்யூர் அளவு கூடக் கூட செட் குறைகிறது. ஆனால் எதால் க்யூர் செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். பெராக்சைடு இபிடிஎம்மை இணைக்கும். அதே நேரத்தில் பாலிபுரொப்பிலீன் சங்கிலிகளை வெட்டும். ஃபீனாலிக் ரெசின் அப்படி வெட்டாது, ஆனால் நிறம் மஞ்சளடிக்கும், ஈரம் இழுக்கும். "எது பெஸ்ட்?" என்று கேட்டால் "எந்த பார்ட்டுக்கு சார்?" என்று திருப்பிக் கேளுங்கள். அதுதான் சரியான பதில்.

இயற்கை ரப்பரை பாலிபுரொப்பிலீனோடு கலப்பதும் பழைய யோசனைதான். மலேசிய ரப்பர் உற்பத்தியாளர்களின் இங்கிலாந்து ஆய்வகத்தில் அதற்கு நிறைய உழைத்தார்கள். கோட்டயத்தின் ரப்பர் ஆராய்ச்சி நிறுவனம், ஐஐடி காரக்பூரின் ரப்பர் தொழில்நுட்ப மையம் ஆகிய இரண்டும் இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்ய நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடங்கள். காரக்பூரின் எஸ்.கே. டே, அனில் பௌமிக் இருவரும் பதிப்பித்த ரப்பர்-பிளாஸ்டிக் கலவைகள் பற்றிய 1990-ஆம் ஆண்டு நூல் பழையதுதான். அடிப்படைக்கு இன்றும் நல்லது. ரப்பரின் இயற்பியலுக்கு ட்ரெலோர் எழுதிய நூலின் முதல் சில அத்தியாயங்கள் போதும். மீதி கணக்கு, வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

9. மீட்டிங்கில் பேசும் விதம்

கஸ்டமரின் சப்ளையர் க்வாலிட்டி ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறார். புரொடக்‌ஷன் மேனேஜருக்கு லாரி கிளம்ப வேண்டும். உங்களிடம் ஃபெயில் ஆன செட் ரிசல்ட் இருக்கிறது. இங்கேதான் உங்களை எடை போடுவார்கள்.

"செட் அதிகம்" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். எண்ணை, நிபந்தனையோடு, விளைவோடு சொல்லுங்கள்: "70 டிகிரி, 22 மணி நேரத்தில் 40 சதவீதம் வருகிறது, ஸ்பெக் 35. மூன்று பட்டனிலும் அதேதான். கதவு மூடிய நிலையில் சீலின் அழுத்தம் குறையும்." பிறகு நிறுத்துங்கள். அனுப்பலாமா வேண்டாமா என்பது உங்கள் மேனேஜரின் முடிவு, எண் உங்களுடையது. எண்ணை மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள். இது தர்மோபதேசம் இல்லை, சுயநலம்தான். பார்ட் ஆறு மாதத்தில் திரும்பி வரும்போது 8டி ரிப்போர்ட்டில் ரூட் காஸ் தேடுவார்கள். அப்போது மாற்றச் சொன்னவர் பெயர் இருக்காது, கையெழுத்துப் போட்டவர் பெயர் இருக்கும். மறுத்ததை மெயிலில் இரண்டு வரியில், பணிவாக, அன்றைக்கே எழுதி வையுங்கள்.

ரீ-டெஸ்ட் கேட்டால் முகம் சுளிக்காமல் செய்யுங்கள். ஆனால் பழைய சாம்பிளையே திரும்ப அழுத்தாதீர்கள். ஒருமுறை அழுந்திய பட்டன் புதிய பட்டன் ஆகாது. ஏன் என்று இந்நேரம் உங்களுக்கே தெரியும்.

இன்டர்வியூ தேதி வந்துவிட்டது, படிக்க ஒரே ஒரு இரவுதான் இருக்கிறது என்றால், இந்தியத் தரநிலையான ஐஎஸ் 3400-இன் பகுதி 1-ஐயும் பகுதி 10-ஐயும் எடுங்கள். ஒன்று இழுவை, இன்னொன்று கம்ப்ரஷன் செட். இரண்டையும் கையில் கால்குலேட்டரோடு படியுங்கள்; உதாரண எண் போட்டு ஒருமுறை கணக்குச் செய்யாமல் கிளம்பாதீர்கள்.